தேர்தலுக்கு முன்னால் ஃபண்டில் இருக்கும் பணத்தை எடுத்துவிடலாமா?

எம்சிரோடு_துணிக்கடை

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பான இடத்தில் கேட்கிறேன் என்றால் நகர்த்திவிடுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சின்னதாக ஒரு ரெடிமேட் கடை. வீடு கொருக்குப்பேட்டை. 2020 லாக்டவுன் தளர்ந்து ஷட்டரைத் தூக்கிய சமயத்தில், கடைக்கு வந்த ஒருத்தர் சொல்லி மாதம் 6,000 ரூபாய் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஃபண்டில் போடுவது) ஆரம்பித்தேன். ஒரே ஃபண்ட்தான், நிஃப்டி இண்டெக்ஸ் (ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குக் குறியீட்டை அப்படியே பின்பற்றுவது). வியாபாரம் டல்லடித்த மாதங்களிலும் நிறுத்தவில்லை. போட்டது 4 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆப்பில் இன்றைக்கு 5 லட்சத்து 90 ஆயிரம் காட்டுகிறது. எங்கள் நைனாவுக்கு ஏலச்சீட்டைத் தவிர எதிலும் நம்பிக்கை கிடையாது. அவரே இப்போது சாப்பிடும்போது "இன்னிக்கு மார்க்கெட் எவ்ளோடா" என்று கேட்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சிக்கு நிச்சயம் ஆகிவிட்டது, ஆவணியில் கல்யாணம். இந்தப் பணத்தில் 4 லட்சம் அதற்கு எடுக்க வேண்டும். மீதி என் பையனுக்கு. அவன் இப்போதுதான் யு.கே.ஜி.

பொங்கல் வியாபாரம் முடிந்து கடை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறதா, ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பக்கத்துக் கடை அண்ணன், "முதல்ல பட்ஜெட், அப்புறம் நம்ம 2026 சட்டசபை எலெக்‌ஷன், நடுவுல டிரம்ப் எப்ப என்ன சொல்வாரோ. மொத்தத்தையும் எடுத்து வெச்சிக்கோ, ரிசல்ட் வந்ததும் கம்மியில உள்ள போ" என்கிறார். டெலிகிராமில் ஒரு குரூப்பில் யாரோ என்னைச் சேர்த்துவிட்டார்கள். அங்கே 'ரிசல்ட் டே ஜாக்பாட்' என்று 1,999 ரூபாய் கேட்கிறார்கள். 2024 ஜூன் 4, நாடாளுமன்றத் தேர்தல் ரிசல்ட் அன்று ஆப்பைத் திறந்தபோது எனக்கு வயிறு கலங்கியது உண்மை. அன்று ஒன்றும் செய்யவில்லை, ஏனென்றால் அப்போது கல்யாணச் செலவு எதுவும் தலைக்கு மேல் இல்லை.

தேர்தல் என்றால் மார்க்கெட் ஏன் இப்படிக் குதிக்கிறது? நம் ஊர்த் தேர்தலுக்கும் குதிக்குமா? முன்னாலேயே எடுத்துவிட்டு அப்புறம் போடுவது புத்திசாலித்தனமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எக்ஸ்பைரி_ராஜா

ப்ரோ, பக்கத்துக் கடை அண்ணன் சொல்றது கரெக்ட். 2024ஐ எடுத்துக்கோங்க. ஜூன் 3 திங்கட்கிழமை, எக்ஸிட் போல் சந்தோஷத்தில் நிஃப்டி 23,263ல் முடிந்தது. மறுநாள் ரிசல்ட். 21,884. ஒரே நாளில் 1,379 புள்ளி காலி. 3ஆம் தேதி விற்று 4ஆம் தேதி வாங்கியிருந்தால் கிட்டத்தட்ட 6 சதவீதம் சும்மா கையில். உங்க 5.9 லட்சத்துக்கு 35,000 ரூபாய். எந்த எஃப்.டி.யில் ஒரு ராத்திரியில் இது வரும்?

எந்தப் பக்கம் போகும்னு தெரியலையா, ரிசல்ட்டுக்கு முந்தின நாள் கால் (ஏறினா லாபம் தர்ற ஆப்ஷன்) ஒண்ணு, புட் (இறங்கினா லாபம் தர்றது) ஒண்ணு வாங்கிப் போடுங்க. எந்தப் பக்கம் பறந்தாலும் காசு.

பழைய_கிளார்க்

துணிக்கடைத் தம்பிக்கு முதலில் ஒன்று. அந்த 1,999 ரூபாய் குரூப்பை விட்டு இப்போதே வெளியே வாருங்கள். காசு வாங்கிக்கொண்டு எந்தப் பங்கை வாங்கு, எதை விற்றுவிடு என்று சொல்பவருக்கு செபி (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், அவர்களே உங்களை வெளியேற்றிவிடுவார்கள்.

நான் பாரிமுனை செகண்ட் லைன் பீச்சில், மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குப் பக்கத்தில், ஒரு புரோக்கர் ஆபீசில் ரொம்ப வருஷம் கிளார்க்காக இருந்தவன். வீடு ராயபுரம் கல்மண்டபம். 1937ல் தொடங்கிய அந்த எக்ஸ்சேஞ்சை மூடிக்கொள்ள செபி 2015ல் அனுமதி கொடுத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வியாபாரம் வற்றி, எங்கள் மேஜைகளில் எல்லாம் பம்பாய் டெர்மினல் வந்துவிட்டது. அந்த டெர்மினலில் இரண்டு தேர்தல் ரிசல்ட்டை நேரில் பார்த்தேன். ராஜா தம்பி சொல்லும் '3ஆம் தேதி விற்று 4ஆம் தேதி வாங்கு' கணக்குக்கு அந்த இரண்டு நாளும்தான் பதில்.

முதலாவது 2004 மே 17, திங்கட்கிழமை. வாஜ்பாய் திரும்ப வருவார் என்று ஊரே நம்பியிருந்தது. 'இந்தியா ஒளிர்கிறது' விளம்பரம் நினைவிருக்கும். ரிசல்ட் வந்தது 13ஆம் தேதி வியாழக்கிழமை, காங்கிரஸ் முன்னால். அன்றைக்கு சென்செக்ஸ் (பம்பாய் சந்தையின் குறியீடு) பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, இதைக் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை 330 புள்ளி இறங்கியது. புது அரசு இடதுசாரிகள் ஆதரவில்தான் நிற்கும் என்று தெரிந்து, அவர்கள் பொதுத்துறைப் பங்கு விற்பனையே கூடாது, அதற்கான அமைச்சகமே வேண்டாம் என்று பேசிய பிறகு வந்த திங்கட்கிழமைதான் பூகம்பம். ஒரு கட்டத்தில் 842 புள்ளி கீழே. சென்செக்ஸே 5,000 பக்கம் இருந்த காலம் அது. வர்த்தகம் இரண்டு தடவை நின்றது.

நின்றது என்றால் என்னவென்று டிவியில் பார்த்தவர்களுக்குத் தெரியாது. திரையில் எண்கள் அப்படியே உறைந்துபோகும், ஆனால் போன் மட்டும் நிற்காது. எங்கள் ஆபீசில் மூன்று லேண்ட்லைன், மூன்றும் ஒரே நேரத்தில் அலறும். மார்ஜின் (முன்பணம்) பற்றாக்குறை ஆன கிளையண்ட்டுகளின் பட்டியலை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று துப்பிக்கொண்டே இருந்தது, தாள் தரையில் போய் மடிந்தது. பர்மா பஜாரில் கடை வைத்திருந்த ஒருத்தர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேலே ஏறி வந்தார். அந்த மார்ச் மாதம்தான் அரசு தன் எண்ணெய் கம்பெனியான ஓஎன்ஜிசி பங்கை 750 ரூபாய் விலையில் மக்களுக்கு விற்றிருந்தது, அவர் கடன் வாங்கிப் போட்டிருந்தார். "என்ன விலைக்குப் போனாலும் பரவாயில்லை, தள்ளிவிடு" என்றார். தள்ளிவிட்டோம். அன்று சென்செக்ஸ் 565 புள்ளி இழந்து 4,505ல் முடிந்தது. மறுநாளே 370 புள்ளி ஏறியது. அந்த வாரக் கடைசியில் மன்மோகன் சிங் பிரதமர். டிசம்பர் 31 அன்று சென்செக்ஸ் 6,600. அந்த பர்மா பஜார்க்காரரிடம் அப்புறம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இரண்டாவது 2009. இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அந்தத் தடவை இழுபறி வரும், 2004 மாதிரியே ஆகும் என்று பயந்து நிறையப் பேர் முன்னாலேயே விற்றுவிட்டுக் காசோடு காத்திருந்தார்கள், அதாவது உங்கள் பக்கத்துக் கடை அண்ணன் திட்டம். ரிசல்ட் மே 16 சனிக்கிழமை. காங்கிரஸ் கூட்டணி இடதுசாரிகள் தயவில்லாமலே வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை மார்க்கெட் திறந்த மாத்திரத்தில் மேல் சர்க்யூட், அதாவது ஏற்றத்துக்கு வைத்த எல்லையைத் தொட்டுவிட்டது. நிறுத்தினார்கள். மறுபடி திறந்தார்கள், மறுபடி சர்க்யூட், அன்றைக்குக் கதவை மூடியாயிற்று. சென்செக்ஸ் 2,110 புள்ளி, 17 சதவீதம் மேலே. வாங்குவதற்கு ஆர்டர் எழுதிக்கொண்டு நின்றோம், விற்கத்தான் ஆளே இல்லை. இறங்கும்போதாவது கேவலமான விலைக்கு விற்றுத் தொலைக்கலாம். ஏறும் நாளில் வெளியே நின்றவனுக்கு ஒரு பங்குகூடக் கிடைக்காது.

இப்போது ராஜா தம்பியின் 35,000 ரூபாய். ஃபண்டில் அது நடக்காது, தம்பி. 3ஆம் தேதி திங்கட்கிழமை விற்றால் அன்றைய என்ஏவி (ஃபண்டின் ஒரு யூனிட் விலை) கிடைக்கும், சரி. பணம் எப்போது வங்கிக்கு வரும்? ஈக்விட்டி ஃபண்டில் இரண்டு வேலைநாள் கழித்து, அதாவது 5ஆம் தேதி. 4ஆம் தேதி வாங்க உங்களிடம் காசு எங்கே? 5ஆம் தேதி நிஃப்டி 22,620ல் முடிந்தது. அன்றைய என்ஏவி வேண்டுமானால் மூன்று மணிக்குள் பணம் ஃபண்ட் கணக்கில் விழுந்திருக்க வேண்டும். தவறினால் 6ஆம் தேதி, 22,821. 7ஆம் தேதி 23,290, இது நீங்கள் விற்ற விலையை விட அதிகம். ஆக 6 சதவீதம் என்று தொடங்கியது 2, 3 சதவீதத்தில் வந்து நிற்கிறது, அதிலும் வரி போகணும். இதெல்லாம் 3ஆம் தேதி மதியம் மூன்று மணிக்குள் விற்பனை அழுத்தியவருக்கு. அன்றைக்கு டிவியில் ஆளுங்கூட்டணிக்கு 350, 400 என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போது விற்கலாம் என்று தோன்றிய ஒருத்தரைக் காட்டுங்கள்.

மார்க்கெட் ஏன் குதிக்கிறது என்று கேட்டீர்கள். நம் காசிமேட்டையே பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை, எல்லாருக்கும் முன்னாலேயே தெரியும், ஐஸ் வியாபாரியிலிருந்து ஓட்டல்காரர் வரை அதற்கேற்றபடி ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். தடை ஆரம்பிக்கும் அன்றைக்கு யாரும் அலறுவதில்லை. திடீரென்று ஒரு புயல் சின்னம் வந்து படகுகள் போகவில்லை என்றால்தான் ஏலத்தில் விலை தாறுமாறாகும். 2024ல் ஆளுங்கூட்டணி 293 இடம் வாங்கியது, ஆட்சி மாறவே இல்லை. ஆனாலும் சென்செக்ஸ் 4,389 புள்ளி விழுந்தது, ஏனென்றால் 350க்கு மேல் வரும் என்று நினைத்து முந்தின நாளே 2,500 புள்ளி ஏற்றி வைத்திருந்தார்கள். பொதுத்துறைப் பங்குகள்தான் கூடுதலாக அடிவாங்கின. அரசு இனி ரயில், ரோடு, ராணுவம் என்று செலவழிப்பதைக் குறைத்து கிராமத்துக்கும் மானியத்துக்கும் திருப்பும் என்று கணக்குப் போட்டார்கள். அதே கணக்கில்தான் சோப்பு, டீத்தூள் விற்கும் ஹிந்துஸ்தான் யூனிலீவர் அந்த ரத்தக்களரியிலும் 5 சதவீதத்துக்கு மேல் ஏறியது.

நம் சட்டசபைத் தேர்தலுக்கு வருவோம். 2021 மே 2, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு, மேற்கு வங்கம், கேரளா எல்லாம் சேர்ந்து ரிசல்ட். இங்கே பத்து வருஷத்துக்கு அப்புறம் ஆட்சி மாறியது, திங்கட்கிழமை சென்செக்ஸ் 64 புள்ளி இறங்கியது. அவ்வளவுதான். அந்த நாளில் எல்லாருக்கும் கொரோனா இரண்டாம் அலை கவலை. 2025 நவம்பரில் பீகாரில் 243க்கு 202 இடம் என்று அலையாக வந்தது, சென்செக்ஸ் 84 புள்ளி ஏறியது. விதிவிலக்கு உண்டு. 2023 டிசம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் ரிசல்ட்டுக்கு மறுநாள் 1,384 புள்ளி ஏறியது, காரணம் அதை அடுத்த வருஷ நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒத்திகையாகப் பார்த்தார்கள். மற்றபடி மணலி சிபிசிஎல் (எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை) பங்கு வைத்திருப்பவர் வட சென்னையில் எந்தக் கட்சி ஜெயித்தது என்று பார்ப்பதை விட, சிங்கப்பூரில் சுத்திகரிப்பு லாபம் பீப்பாய்க்கு எத்தனை டாலர் என்று பார்ப்பது நல்லது.

   

தேர்தலே இல்லாத நாட்களும் உண்டு, தம்பி. 2024 ஆகஸ்ட் 5 எந்த ஊரிலும் ஓட்டு எண்ணவில்லை. ஜப்பான் மத்திய வங்கி வட்டியைக் கொஞ்சம் ஏற்றியது, அமெரிக்காவில் வேலைவாய்ப்புக் கணக்கு மோசமாக வந்தது, இங்கே சென்செக்ஸ் 2,200 புள்ளி அவுட். நம் ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டி) கால் சதவீதம் குறைத்தது, அன்று மார்க்கெட் இறங்கியது. அந்தக் குறைப்பை எல்லாரும் எதிர்பார்த்திருந்தார்கள், கவலை முழுக்க டிரம்ப் வரி மேல். ஜூனில் கால் சதவீதம் வரும் என்று நினைத்தபோது அரை சதவீதம் குறைத்தார்கள், 700 புள்ளிக்கு மேல் ஏறியது. 'வட்டி குறைந்தால் மார்க்கெட் ஏறும்' என்று பேப்பரில் படித்துவிட்டு ஏப்ரலில் வாங்கியவர் தலையைச் சொறிந்திருப்பார்.

உங்கள் பணத்துக்கு என் பதில் இரண்டு பங்காக. கல்யாணத்துக்கான 4 லட்சத்தை எடுத்துவிடுங்கள். தேர்தலுக்குப் பயந்து இல்லை. ஆவணிக்கு எட்டு மாதம்கூட இல்லை, மண்டபத்துக்காரரிடம் 'நிஃப்டி திரும்ப ஏறட்டும்' என்று சொல்ல முடியாது. பையனுக்கான மிச்சத்தையும் மாதம் 6,000ஐயும் தொடாதீர்கள். அவன் கல்லூரிக்குப் போவதற்குள் இரண்டு நாடாளுமன்றத் தேர்தல் வந்துவிடும், எல்லாவற்றுக்கும் உள்ளே வெளியே போய்க்கொண்டிருக்க முடியுமா?

எக்ஸ்பைரி_ராஜா

அங்கிள், ஃபண்ட் செட்டில்மென்ட் பாயிண்ட் ஒத்துக்கிறேன். அதனாலதான் ஆப்ஷன் சொன்னேன். கால், புட் ரெண்டும் வாங்கினா செட்டில்மென்ட் பிரச்சினையும் இல்லை, எந்தப் பக்கம்னு யோசிக்கவும் வேண்டாம். ஜூன் 4 காலையில புட் வெச்சிருந்தவன் எவ்வளவு சம்பாதிச்சான்னு தெரியுமா?

பழைய_கிளார்க்

தெரியும். ஜூன் 3 அன்று கால் வாங்கினவரையும் தெரியும். என் மச்சினர் பையன், எண்ணூரில் டிரெய்லர் ஓட்டுகிறான். சனிக்கிழமை ராத்திரி எக்ஸிட் போல் பார்த்துவிட்டு, டிரெய்லர் டியூவுக்கு வைத்திருந்த பணத்தில் திங்கட்கிழமை கால் வாங்கினான். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவன் மொபைலில் இருந்த எண்ணை இங்கே எழுத மனசு வரவில்லை. டியூ கட்ட அவன் சம்சாரத்தின் வளையல் மிண்ட் தெருவில் அடகுக் கடைக்குப் போனது.

இரண்டையும் வாங்குவது பற்றிச் சொல்கிறேன். ரிசல்ட் எந்த நாள் என்று விற்கிறவனுக்கும் தெரியுமே? இந்தியா விக்ஸ் என்று ஒரு எண் இருக்கிறது, ஆப்ஷன் விலையில் எவ்வளவு பயம் ஏறியிருக்கிறது என்று காட்டும். 2024 ஏப்ரல் கடைசியில் அது 10 பக்கம் கிடந்தது. மே கடைசியில் 24ஐத் தாண்டியது. கால், புட் இரண்டின் விலையும் அந்த அளவுக்கு ஊதியிருந்தது. ரிசல்ட் அன்று 31 வரை போனது, மறுநாளே 20க்குக் கீழே. காற்று இறங்கியதும் இரண்டு ஆப்ஷனும் சேர்ந்து சுருங்கும். நீங்கள் கொடுத்த மொத்த பிரீமியத்தை விட மார்க்கெட் அதிகமாக நகர்ந்தால்தான் காசு. 2024ல் நகர்ந்தது. 2019 மே 23 அன்று ரிசல்ட் எல்லாரும் நினைத்தபடியே வந்தது. சென்செக்ஸ் முதல் தடவையாக 40,000ஐத் தொட்டுவிட்டு, சாயங்காலம் முந்தின நாளை விட 300 புள்ளி கீழே முடிந்தது. அன்று இரண்டு பக்கமும் வாங்கியவர் இரண்டு பக்கமும் விட்டார்.

செபியே 2024 செப்டம்பரில் கணக்கு வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ.வில் (ஆப்ஷன் மாதிரியான வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். துணிக்கடைத் தம்பியை அந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

எக்ஸ்பைரி_ராஜா

நான் அந்த 7 சதவீதம் அங்கிள் 😎

பழைய_கிளார்க்

சந்தோஷம். ஸ்டேட்மெண்ட்டைக் காட்டுங்கள், வந்து மாலை போடுகிறேன்.

பெரம்பூர்_அக்கா

தம்பி, நீங்க எல்லாரும் சென்செக்ஸ், நிஃப்டின்னே பேசிக்கிட்டு இருக்கீங்க. கல்யாணத்துக்கு 4 லட்சம்னு சொல்றீங்களே, அதுல எவ்வளவு தங்கத்துக்குன்னு யாராவது கேட்டீங்களா?

2024 ஜூலை 23, பட்ஜெட் நாள். எங்க வீட்டுக்காரர் லோகோ ஒர்க்ஸில் ரிட்டயர் ஆனவர். வருமான வரியில் என்ன சொல்லப் போறாங்கன்னு டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தார். நிதியமைச்சர் தங்கத்துக்கு இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதம்னு படிச்சாங்க. அவருக்கு அது காதில் ஏறவே இல்லை, எனக்கு ஏறிடுச்சு. அன்னிக்கே சென்னையில் பவுனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கி 52,000 பக்கம் வந்தது. மறுநாள் காலையில் நாத்தனாரைக் கூட்டிக்கிட்டு என்.எஸ்.சி. போஸ் ரோடு போனா, கடைக்குள்ள கால் வைக்க இடமில்லை. எல்லாரும் இன்னும் இறங்கும், இன்னும் இறங்கும்னு பேசிக்கிட்டே வாங்கறாங்க! எங்களுக்கு நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்கு வேணும், அதனால வாங்கினோம். இன்னும் இறங்கட்டும்னு திரும்பிப் போனவங்க இப்போ என்ன நினைப்பாங்களோ தெரியாது. 2025 அக்டோபரில் பவுன் 97,000 வரைக்கும் போனதைப் பார்த்தோமே.

அதே பட்ஜெட்டில்தான் பங்கு லாபத்துக்கு வரியும் ஏத்தினாங்க. ஒரு வருஷத்துக்கு மேல் வெச்சிருந்தா 10 சதவீதமா இருந்தது பன்னிரண்டரை ஆச்சு. அன்னிக்கு டிவியில் எல்லாரும் அதைத்தான் கத்திக்கிட்டு இருந்தாங்க.

நான் சொல்றது இதுதான். எலெக்‌ஷனுக்காவது கருத்துக்கணிப்பு, அது இதுன்னு ஒரு வாசனை வரும். பட்ஜெட்டில் தங்கத்துக்கு என்ன செய்வாங்கன்னு முந்தின நாள் ராத்திரி வரைக்கும் வெளிய வராது. டாலர் ஏறினாலும் தங்கம் ஏறும், எங்கேயோ சண்டைன்னாலும் ஏறும். உங்க தங்கச்சிக்கு எத்தனை பவுன்னு முடிவாயிட்டா, ஃபண்டில் எடுக்கிற பணத்தில் அதுல பாதியையாவது இப்பவே வாங்கிடுங்க. செய்கூலி சேதாரம் கடைக்குக் கடை மாறும், அதுல பேரம் பேசி மிச்சம் பிடிக்கிற காசுக்கு எந்த எக்ஸிட் போலும் வேணாம். பழைய நகை மாத்தறதா இருந்தா ஹால்மார்க் இருக்கான்னு பார்த்துக்கோங்க.

எம்சிரோடு_துணிக்கடை

கிளார்க் சார், அக்கா, ரொம்ப நன்றி. அந்த குரூப்பில் பதிவு எண் கேட்டேன். சார் சொன்ன மாதிரியே தூக்கிட்டாங்க.

அக்கா, எட்டு பவுன் என்று பேசியிருக்கிறோம். அம்மாவுடையது நாலு இருக்கிறது, மீதிதான் வாங்கணும். அந்த நாலு பவுனுக்கே இந்த 4 லட்சம் முழுசா போயிடும்போல இருக்கு. மண்டபம், சாப்பாடு எல்லாம் சீட்டுப் பணத்தில் சமாளிக்கணும்னு நேற்று ராத்திரிதான் கணக்குப் போட்டோம்.

சார், ஒரே ஒரு சந்தேகம். 4 லட்சமும் ஒரே தடவையில் எடுத்தால் வரி எவ்வளவு? எக்ஸிட் லோடு (எடுக்கும்போது பிடிக்கும் கட்டணம்) உண்டா?

பழைய_கிளார்க்

எக்ஸிட் லோடு இண்டெக்ஸ் ஃபண்டுகளில் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் வாங்கிய சில நாட்களுக்குள் விற்றால்தான். உங்கள் ஃபண்டின் தாளில் ஒரு வரியில் போட்டிருப்பார்கள், பார்த்துவிடுங்கள்.

வரிக்கு ஒரு வழி இருக்கிறது, தேர்தல் தேதியை விட இதில்தான் உங்களுக்குக் காசு மிச்சம். எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு மாதத் தவணையும் தனித்தனி வாங்கலாகக் கணக்கு. விற்கும்போது முதலில் வாங்கிய யூனிட் முதலில் போகும். உங்களுடைய 2020, 21 யூனிட்டுகள்தான் முதலில் வெளியே வரும், அவற்றில்தான் லாபம் அதிகம். அதனால் 4 லட்சம் எடுத்தால் அதற்குள் லாபம் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேலே இருக்கும் என்று தோன்றுகிறது. சரியான எண் ஆப்பில் கேபிடல் கெயின்ஸ் ரிப்போர்ட்டில் வரும். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த யூனிட்டில் வரும் லாபத்துக்கு ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரி கிடையாது, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரே தடவையில் எடுத்தால் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் கட்ட வேண்டி வரும்.

2 லட்சத்தை மார்ச் 31க்கு முன்னால் எடுங்கள். கடைசி நாள் வரை இழுக்காமல் மார்ச் இரண்டாவது வாரமே. அக்கா சொன்ன நகையில் பாதிக்கு அது சரியாக இருக்கும். மீதி 2 லட்சத்தை ஏப்ரல் முதல் வாரத்தில், புது நிதியாண்டு பிறந்ததும் எடுங்கள். இரண்டு வருஷத்திலும் லாபம் 1.25 லட்சத்துக்குள் அடங்கிவிடும், வேறு பங்கு லாபம் எதுவும் இல்லையென்றால் வரி பூஜ்யம். கணக்கைத் தாக்கல் செய்யும்போது காட்ட மட்டும் மறக்க வேண்டாம். ஏப்ரலில் எடுப்பதை உடனே நகையாக்கவில்லை என்றால் வங்கியில் குறுகிய கால டெபாசிட்டில் போட்டு வையுங்கள். 2025ல் ரெப்போவை ஒன்றேகால் சதவீதம் குறைத்த பிறகு வட்டி முன் மாதிரி இல்லை, அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

இன்னொன்று. பணம் ஃபண்டில் பதிவாகியிருக்கும் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். நீங்கள் ஆரம்பித்தது 2020ல். அந்தச் சமயத்தில் இணைக்கப்பட்ட அரசு வங்கிகளில் ஒன்றில் உங்கள் கணக்கு இருந்தால் ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளையின் குறியீட்டு எண்) மாறியிருக்கும். ஃபண்டில் பழையதே கிடக்கிறதா என்று இந்த வாரமே பார்த்து மாற்றுங்கள். மாற்றுவதற்குச் சில நாள் எடுக்கும், கேன்சல் செய்த காசோலை கேட்பார்கள். மார்ச் கடைசியில் போய் நின்றால் அங்கே கூட்டமாக இருக்கும்.